திங்கட்கிழமைக் கையெழுத்து

இரண்டாவது பிள்ளை பிறந்த பதினேழாம் நாள் காலையில், புதுக்கோட்டையில் என் ஆத்தா குடியிருந்த வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நான் உள்ளே பாயில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்தா வாசலில் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பால் வியாபாரம். இரண்டு பசுவும் ஒரு கன்றும் வைத்திருந்தாள். பிரசவத்துக்காக நான் புருஷன் வீட்டிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இங்க ஒரு சீனாக்காரி இருக்கிறதாச் சொன்னாங்களேம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"சீனாக்காரியா? இது பால்காரி வீடுங்க. நானும் எம் மகளும்தான் இருக்கோம். அவ பிள்ளை பெத்துக் கெடக்கா."

போலீஸ்காரர் கதவு வழியாக உள்ளே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு, "அவங்களத்தாம்மா கேக்குறேன்" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது வடக்கே சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீடு வீடாக யுத்த நிதி கேட்டு வந்தபோது நான் வயிற்றுப் பிள்ளையோடு எழுந்து வந்து என் கைமோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டிருந்தேன். அந்தச் சண்டைக்கும் எனக்கும் அதைத் தவிர வேறு சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

என் முகம் மற்றவர்கள் முகம் மாதிரி இல்லை என்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் சப்பை மூக்கி என்பார்கள். ஒன்பது வயதில் அழுதுகொண்டு வந்து கேட்டபோது ஆத்தா சாணி தட்டிக்கொண்டே சொன்னாள். அவளும் அய்யாவும் கல்யாணமான கையோடு பினாங்குக்குப் போனவர்கள். அய்யா வல்லத்திராக்கோட்டைக்காரர். அங்கே மாடு வைத்துச் சீனர் வீடுகளுக்குப் பால் ஊற்றினார். ஆத்தாவுக்கு நாலு பிள்ளை பிறந்து நாலும் தங்கவில்லை. வாடிக்கை வீடு ஒன்றில் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தது. ஐந்தாவதும் பெண்ணானதும், யாராவது நல்லபடி வளர்த்தால் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பால் ஊற்றப் போன அய்யா கையில் பிள்ளையோடு திரும்பி வந்தார்.

"அவ பெத்தா. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. போயி மூஞ்சியக் கழுவு" என்றாள் ஆத்தா. நானும் போய்க் கழுவிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் வந்து போன பிறகு மலாயாவில் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகளும் வெள்ளைக்காரன் பட்டாளமும் சுட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அய்யா எங்கள் இருவரையும் கப்பல் ஏற்றி விட்டார். மாடுகளை விற்றுவிட்டு வருகிறேன் என்றார். வரவில்லை. எனக்குப் பதினாலு வயதாகும்போது அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அரிமளத்துக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அவருடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இரண்டு வேட்டியும் சில காகிதங்களும் இருந்தன. இங்கிலீஷ் காகிதங்களை ஆத்தா துணியில் சுற்றி மறுபடியும் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

பதினேழு வயதில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆத்தாவின் அண்ணன் மகன். குன்றாண்டார்கோவில் பக்கம் ஊர், கிணற்றுப் பாசனத்தில் கடலையும் நெல்லும். "எந் தங்கச்சி மகள வேற எவன் வந்து கேக்குறது?" என்று மாமா உரிமையோடு வந்து தாம்பூலம் மாற்றினார். முறைப்பெண், முறைமாப்பிள்ளை. யாரும் ரத்தம் பற்றிப் பேசவில்லை. அதோடு அந்த விஷயம் முடிந்துபோனது என்று நினைத்திருந்தேன். மூத்தவள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது இந்த இரண்டாவது பிரசவம். அவளை மாமியாரிடம், நான் அத்தை என்று கூப்பிடுகிறவரிடம், விட்டுவிட்டுத்தான் டவுனுக்கு வந்திருந்தேன். பிள்ளை பிறந்து முப்பது நாளில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரியில் பிறந்த ஊர் எது என்று நர்ஸ் கேட்டபோது பினாங்கு என்று சொன்னேன். அதுவாக இருக்கலாம். பக்கத்து வீடாகவும் இருக்கலாம். பல வருஷம் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் ஆத்தாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. எங்களை உட்காரச் சொன்னார். பக்கத்தில் ரைட்டர் ஒரு படிவத்தை விரித்து வைத்திருந்தார்.

"நீங்க எந்த நாட்டுப் பிரஜை?"

நான் ஆத்தாவைப் பார்த்தேன். ஆத்தா, "நாங்க மகாராசா குடிங்க" என்றாள்.

"எந்த மகாராஜா?"

"நம்ம புதுக்கோட்டை மகாராசாதான். வேற எவரு?" என்று தன் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவில் கொடுத்தது. படத்தில் ஆத்தா நிற்கிறாள், அவள் இடுப்பு உயரத்துக்கு நான். சப்-இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் படித்தார். அதில் புதுக்கோட்டை சமஸ்தானம் என்றுதான் போட்டிருந்தது.

"அம்மா, இந்த நாடே இப்ப இல்ல" என்றார்.

"இல்லாம எங்க போச்சு? அதுக்குள்ளதானே உக்காந்துருக்கோம்?"

ரைட்டர் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். என் பெயர் அதில் இல்லை. கூட வரும் குழந்தை, பெண், ஒன்று. அவ்வளவுதான் இருந்தது.

"இந்தக் குழந்தை யாரு பெத்தது?"

"நாந்தான்."

"பாத்தா அப்படித் தெரியலையே. உண்மையச் சொல்லுங்கம்மா. பொய் சொன்னா அப்பறம் எனக்கே கஷ்டம்."

நான்தான் சொன்னேன், அவள் ஒன்பது வயதில் எனக்குச் சொன்னதை அப்படியே. சொல்லும்போது ஆத்தா என் முழங்கையை இறுகப் பிடித்தாள். நிறுத்தச் சொல்கிறாளா, தைரியம் சொல்கிறாளா என்று விளங்கவில்லை.

"சீன பாஷை தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஒரு வார்த்தைகூடவா? சும்மா சொல்லுங்க."

நான் உண்மையாகவே யோசித்தேன். ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தால் சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஒன்றும் வரவில்லை. நான் யோசித்த நேரத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாரோ என்று அன்றைக்கு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

ரைட்டர் படிவத்தில் சீன வம்சம் என்று எழுதினார். "ஏதாச்சும் ஒண்ணு எழுதணுமேம்மா. கட்டத்த வெறுமன விட முடியாது" என்றார். பிறகு விலாசம் கேட்டார். ஆத்தா தன் வீட்டு விலாசத்தைக் கடகடவென்று சொன்னாள்.

"என் வீடு அது இல்லைங்க. குன்றாண்டார்கோவில் பக்கம்..." என்றேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்க."

"அப்ப இதுதான் விலாசம்."

ஒரு நாளைக்கு மேல் இந்த விலாசத்தை விட்டு வெளியே தங்கக் கூடாது, தங்குவதானால் ஜில்லாத் தலைநகரான திருச்சியிலிருந்து அனுமதி வாங்க வேண்டும், திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவும் சொல்லி, எட்டாவது வரை படித்த என் தமிழ்க் கையெழுத்தை மூன்று இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். நான் வெளியே வரும்போதுகூட இது ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆத்தா வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

என் புருஷன் அந்த வாரமே வந்தார். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

"எவன் கேப்பான்? கெளம்பு புள்ள, போவோம்" என்றார்.

"கையெழுத்துப் போடணுமே மச்சான்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

மறுவாரம் வந்தபோது அந்த வேகம் இல்லை. அங்கே மணியக்காரர் மாமாவைக் கூப்பிட்டு, அனுமதி இல்லாமல் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் வீட்டோடு கேஸாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். மச்சான் வெற்றிலையை மென்றுகொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"ஒனக்குச் சீனாவுல யாரையாச்சும் தெரியுமா?"

நான் சிரித்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து என்னோடு கிணற்றில் நீந்தியவர், என் கழுத்தில் தாலி கட்டியவர் கேட்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், அதை என்னிடம் கொண்டுவந்து இறக்குகிறார் என்று புரிந்தது. ஆனாலும் நான் ஒரு நிமிஷம் யாரையாவது தெரியுமா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மாதம் ஒரு தடவை அத்தை மூத்தவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். முதல் தடவை மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள், தம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் தடவை கொஞ்சம் வெட்கம். மூன்றாம் தடவை அத்தை மடியை விட்டு இறங்கவே இல்லை.

"யாருத்தா இது? சொல்லு" என்றார் அத்தை.

"டவுனாத்தா" என்றாள் அவள்.

அத்தைக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் சொல்லிக் குடுக்கலத்தா. அதுவா சொல்லுது" என்றார். எனக்குத் தெரியும். அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் ஆத்தா வேண்டியிருந்தது, அத்தையையே ஆத்தா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். நான் டவுனில் இருக்கிற இன்னொரு ஆத்தா.

புருஷன் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டுத் திருச்சிக்கு மனு எழுத வேண்டும் என்றார்கள். கோர்ட்டு எதிரே வேப்பமரத்தடியில் டைப் அடித்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். நான் ஆத்தாவிடம் சொல்லாமல் தகரப் பெட்டியிலிருந்த இங்கிலீஷ் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது பிறந்த சர்டிபிகேட்டும்மா. பினாங்குல பதிஞ்சிருக்கு. ஒங்க பேரும் இருக்கு."

"என் பேருங்களா?"

"நீங்க இப்ப வச்சிருக்கிற பேரு இல்ல. அவங்க வச்ச பேரு."

அதை வாசித்தார். மூன்று சின்னச் சத்தங்கள். மறுபடி வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். பெற்றவர்கள் பெயரையும் வாசித்தார். நான் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. அவருக்கும் அது சரியான உச்சரிப்பா என்று தெரியாது. எனக்கு இருபத்தோரு வயதாகியிருந்த அன்றைக்கு, என் பெயரைச் சொல்லத் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்து அதைச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தோம்.

"இதக் காட்டணுங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "காட்டினா, அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் சீனர்னு கறுப்பு வெள்ளையில ஆயிரும். காட்டாட்டி, நீங்க பொறந்ததுக்கே ருசு இல்ல. ஆனா பொறந்தது வெள்ளைக்காரன் மண்ணுன்னும் இதுல இருக்கு. அதனால சீனாப் பிரஜை இல்லேன்னு வாதாடலாம். வாதாடலாம்னுதாம்மா சொல்றேன். என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னேன். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அய்யா செத்த செய்தி வந்தபோதுகூட.

"அதக் குடுத்தியன்னா நீ என் பிள்ளை இல்லேன்னு சர்க்காரு எழுதிரும். நானே கிழிச்சுப் போட்டுருக்கணும். ஒங்க அய்யா வச்சிருந்த காகிதமாச்சேன்னு வச்சிருந்தேன்."

"சர்க்காரு எழுதிட்டா நான் ஒம் பிள்ளை இல்லாமப் போயிருவனா?"

"எனக்கு என்ன தெரியும்? ஒரு விலாசத்தச் சொன்னேன், புருஷன் வீட்டுக்குப் போக முடியாம ஆக்கிப்புட்டாங்க."

இரண்டு திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் அப்படியே திரும்பி வந்தேன். மூன்றாம் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் மனுவோடு அதையும் வைத்தேன். தைரியத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் போனால் என் வீடு வரும் என்று தெரியாமல், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் செய்தது.

மாசி பிறந்து ஒரு சனிக்கிழமை காலையில் மச்சான் வந்தார். மூத்தவளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார். உடம்பெல்லாம் முத்து, கண் திறக்கவில்லை, டவுனாத்தா டவுனாத்தா என்று அனத்துகிறாள். நான் பிள்ளையை ஆத்தாவிடம் கொடுத்தேன். அதற்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒரு நாளைக்கு மேல் தங்கினால்தானே தப்பு? பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் வந்துவிடலாம்.

வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. மகள் வாழை இலையில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். சாயங்காலம் நான் எழுந்தபோது அத்தை வழியில் வந்து நின்றார்.

"எங்கிட்டுப் போற?"

"பஸ்ஸுக்குங்க அத்தை. நாளைக்குக் காலைக்குள்ள அங்க இருக்கணும்."

"மாரியாத்தா வந்து வெளையாடுற வீட்டுக்குள்ள வந்துட்டு, தண்ணி ஊத்தாம வெளியூரு போகக் கூடாதுத்தா. போற எடத்துல பச்சப்பிள்ள இருக்கு. அதுக்கும் ஆகாது. அங்கிட்டு ஸ்டேஷன்ல ஒரு சட்டம்னா இங்கிட்டு இவளுக்கு ஒரு சட்டம். ஒனக்கு எது பெருசோ அதச் செய்யி."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் நின்றேன். டவுனில் பிள்ளை பசிக்கு அழும், எனக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனால் அதற்கு அம்மையைக் கொண்டுபோவேனோ என்று பயம். இங்கே இருந்தால் ஜெயிலோ என்று பயம். பஸ் தூரத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் முடிவு செய்து இருந்தேனா, யோசித்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டதா என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை போனது. செவ்வாய்க்கிழமை, அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து தெருவில் இறங்கினார். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

"உள்ள டவுனுலேர்ந்து வந்த அம்மா இருக்காங்களா?" என்று தெருவிலிருந்தே கேட்டார்.

மச்சான் வெளியே போனார். "இருக்கா. பிள்ளைக்கு அம்மை."

"கூட்டிட்டு வரச் சொல்லித் தாக்கீது வந்துருக்குங்க."

"வாங்க, உள்ள வந்து கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் நகரவில்லை. வீட்டைப் பார்த்துக் கும்பிட்டார். "எனக்கும் பிள்ளைக இருக்குங்க. தண்ணி எப்ப ஊத்துறீங்க?"

"வியாழக்கெழம."

"அப்ப வியாழக்கெழம மத்தியானம் பஸ்ஸுக்கு அனுப்பிருங்க. அம்மை வீடுன்னு எழுதிக் குடுத்துடுறேன்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை நடந்தே போனார்.

வியாழக்கிழமை மகளுக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினோம். அவள் என்னை ஆத்தா என்று கூப்பிட்டாளா டவுனாத்தா என்று கூப்பிட்டாளா என்று கவனிக்கவில்லை. கண் திறந்து இட்லி கேட்டாள், அது போதுமாக இருந்தது. நானும் தலைக்குக் குளித்துவிட்டு மத்தியான பஸ் ஏறினேன்.

ஆத்தா வீட்டில் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பால் பாதி வற்றிப்போயிருந்தது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசும்பாலுக்குப் பழகிவிட்டது. ஆத்தா பாலாடையை எடுத்துவந்தாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது, "பொண்ணு எப்படி இருக்கு?" என்றுதான். நன்றாக இருக்கிறாள் என்றேன். விட்டுப்போன திங்கட்கிழமைக்கு எதிரே காரணம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தக் காகிதமும் திருச்சிக்குப் போகும் என்றார். அது எனக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "மேல உள்ளவங்க எப்படிப் பாக்குறாங்களோ" என்றார். இரக்கப்பட்டு அனுப்புகிறாரா, என்மேல் குற்றமாக அனுப்புகிறாரா என்று விளங்காமல், வரும் வழியெல்லாம் அவர் முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பல மாதம் பதிலே இல்லை. திங்கட்கிழமை வரும், போவேன். சண்டை நின்று ஊர் அதை மறந்துபோயிற்று. சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு நான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்பதே முதலில் புரியவில்லை. நான்தான் விளக்கிச் சொன்னேன்.

மறுவருஷம் பொங்கல் கழிந்து பதில் வந்தது. புது சப்-இன்ஸ்பெக்டர் படித்துச் சொன்னார்.

"ஒங்களுக்கு நல்ல சேதிம்மா. நீங்க சீனாக்காரி இல்ல."

ஆத்தா கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் அன்னைக்கே சொன்னேனேங்க!"

"அப்ப நான் யாருங்க?" என்றேன்.

"மலாயாவுல பொறந்ததால அந்த நாட்டுக்காரங்க. இப்ப அதுக்கும் பேர மாத்திட்டாங்களாம், மலேசியான்னு." மேலும் படித்தவர் முகம் மாறியது. "ஆனா அப்படின்னா நீங்க இத்தன வருஷமா விசா இல்லாம இருந்துருக்கீங்கன்னு ஆகுது."

ஆத்தாவின் கைகள் கும்பிட்டபடியே இருந்தன. இறக்குவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோர்ட்டு எதிரே டைப் அடிக்கும் பெரியவர்தான் இதற்கும் வழி சொன்னார். இந்தியர் ஒருவரின் மனைவி என்ற முறையில் பிரஜையாகப் பதிந்துகொள்ள மனுப் போடலாம், அது முடிகிறவரை புருஷன் விலாசத்தில் தங்க வருஷத்துக்கு ஒரு தடவை அனுமதி வாங்கலாம். கல்யாணத்துக்கு ருசு கேட்டார்கள். பத்திரிகைகூட அடிக்காத கல்யாணம். மாமாவும் மணியக்காரரும் எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்குப் போக ஒரு வருஷ அனுமதி, முத்திரை குத்தி வந்தது.

ஊருக்குப் போனபோது பிள்ளை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளை பிறந்து முப்பது நாளில் திரும்புவதாகச் சொல்லிப்போன வீட்டுக்கு ஒன்றரை வருஷம் கழித்துத் தங்க வந்தேன். சட்டி பானையெல்லாம் அத்தை கைக்கு ஏற்ற மாதிரி இடம் மாறியிருந்தது. உப்பு எங்கே என்று நான் கேட்க வேண்டியிருந்தது. மகள் இரண்டு நாள் தூரத்திலிருந்தே பார்த்தாள். மூன்றாம் நாள், "நீ எப்பப் போவ?" என்று கேட்டாள்.

"போக மாட்டேன்" என்றேன்.

"பஸ்ஸு போயிருமே" என்றாள் கவலையோடு.

மச்சான் முன்னைவிட அதிகமாகப் பேசினார், வேலைக்கு நடுவில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியாது. நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினோம். சில வருஷம் கழித்து இன்னும் ஒரு பெண் பிறந்தாள். அந்தப் பிரசவத்துக்கு நான் ஆத்தா வீட்டுக்குப் போகவில்லை. ஆத்தாதான் பசுக்களை அண்டை வீட்டில் விட்டுவிட்டு எங்களிடம் வந்து இருந்தாள்.

மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் திருச்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நானும் மச்சானும் போனோம். அதிகாரி வயதானவர், நல்ல தமிழ் பேசினார். ஓர் உறுதிமொழியைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு இன்னொரு காகிதம். இதுவரை இருந்த வேறு நாட்டுக் குடியுரிமையை விட்டுவிடுகிறேன் என்று அதில் இருந்தது.

"எந்த நாட்டைங்க விடணும்?" என்று கேட்டேன். குறும்புக்காகக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அவர் என் காகிதக் கட்டைப் புரட்டினார். ஸ்டேஷன் படிவம், ஆத்தாவின் பாஸ்போர்ட் நகல், பிறந்த சர்டிபிகேட், அம்மை வீடு என்று போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு, எல்லாம் அதில் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"எதுவா இருந்தாலும்மா" என்றார்.

போட்டேன். வெளியே மரத்தடியில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுன்னுதான் சொன்னாங்க."

காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டோம். மூத்தவளுக்கு ஒரு பாவாடைத் துணியும் சின்னவனுக்கு ஒரு ஊதலும் வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் கேட்டாள்: "எந்த ஊருத்தா நீ?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் அதற்குள் தூங்கிப்போயிருந்தார். புருஷன் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பாட்டி தலையாட்டினாள். அவள் கேட்டது அதைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை.